இருநூற்றிரண்டு தலைகளும் இருநூற்று நாற்பத்தொரு கைகளும்

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். பனி ஒன்பது பத்துக்கே விலகிவிட்டது. மேகம் இல்லை, வடகிழக்கிலிருந்து லேசான காற்று. மாடிப்படிச் சுவரில் தொங்கும் வெப்பமானி இருபத்தைந்து டிகிரி காட்டியது. அது எப்போதும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டும் என்பதால் இருபத்து நான்கு என்று வைத்துக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதுக்கு அது குளிர்தான். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஊராட்சித் தொடக்கப் பள்ளிக்குக் கிளம்பினேன். பதினோரு மணிக்குக் கிராம சபை.

எங்கள் ஊர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இறங்கி உள்ளே இரண்டே கால் கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதினால் ஊராட்சித் தலைவர் வருத்தப்படுவார், விட்டுவிடுகிறேன். ஊரைச் சுற்றி ஏழு தொழிற்சாலைகள். நடுவில் ஒரு ஏரி. இந்த ஊரை ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வெளியே எடுத்து, புதிதாக அமையப்போகும் நகராட்சியில் சேர்க்க வேண்டும் என்று அரசு முடிவு செய்திருந்தது. அதிகாரிகள் மூன்று முறை வந்து தலைவரோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது இரண்டு பக்கத் தாளாக அச்சாகி வீடு வீடாக வந்தது. மூன்று வருடத்துக்கு வீட்டு வரி ஏறாது, தினமும் குழாயில் தண்ணீர், பாதாள சாக்கடை. பதிலுக்கு ஊர் ஒன்றியத்தை விட்டு விலகும். விலகினால் நூறு நாள் வேலை கிடையாது, ஏனென்றால் அது கிராமங்களுக்கு மட்டுமான திட்டம். இந்தக் கடைசி விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபோது நான் பத்திரிகையில் ஒரு நாள் விடாமல் படித்தேன். விலகுவோம் என்று ஓட்டுப் போட்டுவிட்டு, எப்படி விலகுவது என்று மூன்று வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். ‘இவ்வளவு படித்த ஜனங்களுக்கு, என்ன கேட்கிறோம் என்பதுகூடவா தெரியாது?’ என்று மனைவியிடம் சிரித்தேன். அதற்காக அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவரத் துறையில் இருந்தவன். வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் நெல்லை அறுத்து, அடித்து, எடை போட்டு, அதை வைத்து ஒரு வட்டாரத்தின் விளைச்சலைச் சொல்லுவது என் வேலை. நெல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எடை போடுகிறவன் யார் என்று பார்த்து அது எடையை மாற்றிக்கொள்ளாது. மனிதர்களிடம் அந்தக் குணம் இல்லை என்பதை ஜனவரி பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு வரை எங்கள் மூன்று தெருவில் அறுபத்தொரு வீடு ஏறி இறங்கிக் கண்டுகொண்டேன்.

யாரும் கேட்டுச் செய்ததல்ல. ஊரே இரண்டாக நிற்கிறது என்று டீக்கடையில் சொன்னார்கள், இரண்டாக என்றால் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நோட்டில் இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் தெரு முடிவதற்குள் கட்டங்கள் ஆறு ஆகிவிட்டன. விலகலாம் என்றவர்கள் பதினான்கு வீடு. இருக்கலாம் என்றவர்கள் பத்தொன்பது. விலகலாம், ஆனால் இந்த நிபந்தனைக்கு முடியாது என்றவர்கள் பதினொன்று. தலைவர் சொல்கிறபடி, ஆறு. ‘நீங்க இன்னா சார் நெனைக்கறீங்க, அதையே போட்டுக்குங்க’, எட்டு. ‘ஒன்றியம்னா எது சார், பி.டி.ஓ. ஆபீஸா?’, மூன்று.

ஒரு வீட்டில் கணவன் விலகலாம் என்றார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “இவுரு சொல்றத எழுதாதீங்க, நகராட்சியானா கோழி வளக்கக்கூடாதாம், அப்புறம் இவுருதான் முட்டை போடணும்” என்றாள். நான் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் கணவன் இருக்கலாம் என்று மாறிவிட்டார். உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: “முட்டை போட்டாலும் போடுவான், வேற வேலைக்குப் போவமாட்டான்.” அந்த வீட்டை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை, அறுபத்தொன்றில் அதை இருக்கலாம் பக்கமே வைத்திருக்கிறேன், பென்சிலால்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விலக வேண்டும். காரணம் பாதாள சாக்கடை. என் வீட்டுக்குப் பின்னால் லைனாகப் பதினான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அறைக்கு மூன்று பேர், நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் தெற்கிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளவட்டங்கள். நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு செப்டிக் டேங்க். பத்தொன்பது நாளைக்கு ஒரு முறை லாரி வர வேண்டும். மழைக்காலத்தில் பதினொரு நாள். லாரிக்காரர் போனை எடுக்காத நாட்களில் நான் பட்ட அவஸ்தையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

எனக்கு எதிர்க்கட்சி எதிர் வீட்டில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயது அம்மாள்; வாசலில் காலையில் இட்லி போட்டு விற்பவர். என் மனைவி நான்கு மாதமாக பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பதால், காலையில் அங்கேதான் நான்கு இட்லி சாப்பிடுகிறேன். கணக்கெடுக்கும் மூன்றாம் நாள், “நீ இன்னாண்ணா எழுதிக்கின?” என்று கேட்டார். மறைப்பது சரியல்ல என்று, விலகலாம் என்பதே என் எண்ணம் என்று சொன்னேன்.

மறுநாள் நான்கு இட்லி வந்தது. ஆனால் சட்னிக்குப் பதில் தண்ணீர் வந்தது. அதற்கு மறுநாள் மூன்று இட்லி. விலை அதே.

“நாலு கேட்டேனே” என்றேன்.

“நகராட்சில மூணுதாண்ணா” என்றார். “பெரிய எடம். இட்லியும் பெருசா இருக்கும். நல்லா பாரு.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. “உங்களுக்கு இட்லி வியாபாரம் இருக்கிறது, மகன் சம்பாதிக்கிறான். ஏரியில் அந்த நூறு நாள் வேலை போனால் என்ன? நானும் பார்த்திருக்கிறேன். நாற்பது பேர் போகிறீர்கள், இருபது பேர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்றேன்.

“இருபத்தி ரெண்டு” என்றார் அவர். “தப்பா எண்ணாத.” பிறகு இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்: “இட்லி துட்டு அரிசிக்கும் கேஸுக்கும் பூடுது. மீதி புள்ளயோட பைக் டியூக்கு. அந்த ஏரித் துட்டு இருக்கே, அது எம் பேரு போட்ட பேங்க் புக்குல வருது. நானா போயி எடுத்தாதான் உண்டு. யாரும் கை வெக்க முடியாது. ஐம்பத்தெட்டு வயசுல எம் பேர்ல வர்ற துட்டு அது ஒண்ணுதாண்ணா. அதையும் புடுங்கிக்கினு எனக்கு இன்னா குடுக்கறீங்க, சாக்கடையா?”

மூன்று இட்லியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். அவரைப் போல நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்கள் ஊரில் நூற்றுக்கு மேல். சபையில் ‘விலக வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பினால் யோசிப்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். ஆட்சேபம் சொல்லக் கெடு முப்பத்தொன்றாம் தேதி. அதற்கு முன் ஒரே கிராம சபைதான், குடியரசு தினத்தன்று.

பள்ளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்தைப் பார்த்ததுமே ஏதோ குறைகிறது என்று தோன்றியது. தார்ப்பாயில் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், நடுநடுவே தார்ப்பாய் தெரிந்தது. எதிர் வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“வேன் வுட்டுட்டான்ணா.”

“யார்? எந்த வேன்?”

“பிளாட்டு புரோக்கரு. காலைல ஆறு மணிக்கு திருத்தணிக்கு மூணு வேனு. ஓசி. டிபன் வேற. இங்க வர வேண்டியவளுங்க பாதிப் பேரு ஏறிக்கினு போயிட்டாளுங்க. முருகன் கூப்புடறான்னு சொல்றாளுங்க. முருகனா கூப்ட்டான்? இவன் கூப்ட்டான்.”

மனை புரோக்கர் பள்ளிச் சுவர் ஓரம் வெள்ளைச் சட்டையில் நின்று, ஒன்றும் தெரியாதவர் போல் தேசியக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் நகராட்சியானால் மனை விலை ஏறும். அவரிடம் முப்பத்தாறு மனை விற்காமல் கிடந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் அளவுக்கு இருநூறு பேர் இருந்தால்தான் சபை செல்லும். இல்லாவிட்டால் ஒத்திவைப்பு. ஒத்திவைத்தால் கெடு தாண்டிவிடும். தாண்டினால் கோப்பில் ‘ஆட்சேபம் வரவில்லை’ என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள்.

தலைவர் என்னைப் பார்த்து, “சார், நீங்களே எண்ணிடுங்க. நீங்க எண்ணுனா ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்” என்றார். புரோக்கரும் தலையாட்டினார். சபையைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளராக வந்திருந்த இளம்பெண் அதிகாரிக்கு இதுவே முதல் கிராம சபையாம். அவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

எண்ணினேன். சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில், கால் உள்ளே தொங்கிய மூவரைச் சேர்த்தேன். வெளியே தொங்கிய இருவரை விட்டேன். ஒருவர் கேட்டார், “ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளியன்னா அரையா சார்?” இறங்கி வாருங்கள் என்றேன், இருவரும் இறங்கினார்கள், சேர்த்துக்கொண்டேன். மூன்று முறை எண்ணியும் நூற்று அறுபத்து மூன்றுதான். எண்ணுகிறவனைச் சேர்ப்பது முறையல்ல என்பதால் என்னைச் சேர்க்கவில்லை.

“நல்லா எண்ணுண்ணா” என்றார் அந்த அம்மாள்.

“எண்ணிவிட்டேன். முப்பத்தேழு குறைகிறது.”

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நூறு நாள் வேலை அட்டையும் வங்கிப் புத்தகமும். கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. என் கட்சி ஜெயித்துவிட்டது. நான் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் என் மூன்று தெருவிலேயே பத்தொன்பது வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று என்னிடம் சொல்லி, நான் அதை என் கையால் நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு என் ஜிப்பாப் பையில் இருக்கும்போதே, ஆட்சேபம் ஒன்றுகூட வரவில்லை என்று ஒருவர் எழுதி கையெழுத்துப் போடப்போகிறார். என்னால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

“அரை மணி கொடுங்கள்” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

என் அறைவாசிகளில் முப்பத்தொன்பது பேர் எங்கள் ஊர் வாக்காளர்கள். அது என் பிடிவாதத்தால் நடந்தது. வருடத்துக்கு முந்நூறு நாளுக்கு மேல் என் வீட்டில் தூங்குகிறவனைத் திருநெல்வேலியில் எண்ணுவது பிழை என்று, பட்டியல் திருத்தம் வந்தபோது ஒவ்வொருவராக உட்காரவைத்து விண்ணப்பம் நிரப்பி முகவரி மாற்றினேன். மூன்று பேர் மட்டும் சொந்த ஊரில் ஓட்டு இருந்தால்தான் பெண் கொடுப்பார்கள் என்று மறுத்துவிட்டார்கள்.

விடுமுறையாதலால் எல்லோரும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, எல்லாத்தையும் ஊறப் போட்டாச்சு” என்றான் திருநெல்வேலிக்காரன். அவன் அவர்களுக்குள் ஒருவகையில் தலைவன்; தொழிற்சாலையிலும் ஒரு லைனுக்கு லீடர். “யூனிபாரம்தான் காஞ்சு கெடக்கு. அத வேணா மாட்டிட்டு வாரோம்.”

“எதையாவது மாட்டிக்கொண்டு வாருங்கள்.”

“வடை உண்டா?”

“ஆளுக்கு இரண்டு. டீயும்.”

பதினோரு முப்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பது பேர் சாம்பல் நிற யூனிஃபார்மில் இரண்டு வரிசையாகப் பள்ளிக்குள் நுழைந்தார்கள். போலீஸ் வந்துவிட்டதென்று நினைத்து, பின்வரிசையில் இருந்த ஒருவர் பீடியைக் காலடியில் போட்டு மிதித்தார். பெண்கள் இடம் விட்டார்கள். பையன்கள் வரிசை கலையாமல் உட்கார்ந்தார்கள். நான் எண்ணி இருநூற்றிரண்டு என்று அறிவித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு முதியவர் சிறுநீர் கழிக்க எழுந்தார். “ஐந்து நிமிடம் பொறுங்கள்” என்று கெஞ்சி உட்காரவைத்தேன்.

அதிகாரி தீர்மானத்தைப் படித்தார். உடன்பாட்டின் நிபந்தனைகள், சாதக பாதகங்கள், எல்லாம் பதினொரு நிமிடம். பிறகு, “ஒன்றியத்தை விட்டு விலக வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க” என்றார். எண்ணினேன். நூற்று அறுபத்தெட்டு. அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

“சரி, உடன்பாட்டை ஏத்துக்கிட்டு விலகலாம்ங்கறவங்க?” எண்ணினேன். எழுபத்து மூன்று.

நோட்டில் கூட்டினேன். இருநூற்று நாற்பத்தொன்று. இன்னொரு முறை கூட்டினேன். மேலிருந்து கீழே கூட்டியது போதாதென்று கீழிருந்து மேலேயும் கூட்டினேன். இருநூற்றிரண்டு பேருக்கு இருநூற்று நாற்பத்தொரு கை. முப்பத்து நான்கு வருட வேலையில் விதைத்ததைவிடக் குறைவாக அறுத்த வயலைப் பார்த்திருக்கிறேன். வயலைவிடப் பெரிய அறுவடையைப் பார்த்ததில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் புரோக்கர். “மேடம்! அந்த யூனிஃபார்ம் பசங்க ரெண்டு தடவையும் தூக்கறானுங்க! சார் வூட்டுப் பசங்க!”

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது.

திருநெல்வேலிக்காரன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். “ஏல, ரெண்டாந்தரம் என்னத்துக்குல தூக்குன?”

“நீ தூக்குன. நானும் தூக்குனேன்.”

“நான் எப்பவும் தூக்குவேன்ல. நான் லீடரு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் ஷிஃப்ட் தொடங்குமுன் தினமும் பத்து நிமிடம் வரிசையாக நின்று ஒரு கூட்டம் போடுவார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஏதாவது படிப்பார்; கடைசியில் ‘புரிந்ததா?’ என்று கேட்பார்; எல்லோரும் கை தூக்க வேண்டும். தூக்காதவன் முன்னால் வந்து, தனக்கு என்ன புரியவில்லை என்று எல்லோருக்கும் விளக்க வேண்டும். லைன் நிற்கும். அதனால் நான்கு வருடமாக ஒருவனும் தூக்காமல் இருந்ததில்லை. மேசைக்குப் பின்னால் நின்று ஒருவர் தாளைப் பார்த்துப் படித்து முடித்தால், அவர்கள் கை தானாக மேலே போய்விடும்.

இதை நான் அதிகாரியிடம் விளக்கினேன். அவர் நம்பவில்லை. பையன்கள் பக்கம் திரும்பி, “தம்பிகளா, ஒருத்தருக்கு ஒரு தடவைதான். இப்ப புரிஞ்சுதா?” என்றார்.

முப்பத்தொன்பது கையும் மேலே போயின.

சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆனால் புரோக்கர் சிரிக்கவில்லை. “மேடம், இவனுங்கள வெளிய அனுப்பிடுங்க. என்ன பேசறோம்னே தெரியாத பசங்க. அவங்க கையக் கழிச்சிட்டாலும் வேணாம்ங்கறதுதான் ஜாஸ்தி, யாருக்கும் நஷ்டம் இல்ல” என்றார்.

அவர் சொன்ன கழித்தல் சரிதான். முப்பத்தொன்பதை இரண்டு பக்கமும் கழித்தால் நூற்று இருபத்தொன்பதுக்கு முப்பத்து நான்கு. ஆனால் பையன்கள் வெளியே போனால் சபையில் நூற்று அறுபத்து மூன்று பேர். சபையே இல்லை, தீர்மானமும் இல்லை. அதிகாரி பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

“இன்னா தெரியாது அவனுங்களுக்கு? சொல்லிக்குடுத்தா தெரிஞ்சிக்கறானுங்க. உனுக்கு மட்டும் எல்லாம் தெரியுமா? அந்தப் பேப்பர்ல ரெண்டாம் பக்கம் கடைசில இன்னா போட்டுக்கீது, சொல்லு பாக்கலாம்?”

புரோக்கர் தாளைத் திருப்பினார். கண்ணாடியைத் தேடினார்.

“மேடம், கையை விட்டுவிடுங்கள்” என்றேன் நான். “ஒருவருக்கு இரண்டு கை உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம். உடம்பு ஒன்றுதான். விலக வேண்டாம் என்பவர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்கட்டும். விலகலாம் என்பவர்கள் கொடிக்கம்பத்துப் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் யாரும் நிற்க முடியாது. நான் எண்ணுகிறேன்.”

அதிகாரி சம்மதித்தார். பெண்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள். புரோக்கரும் அவர் ஆட்களும் கொடிக்கம்பத்துக்குப் போனார்கள். நடுவில் காலியான தார்ப்பாயில் பையன்கள் முப்பத்தொன்பது பேரும் நின்றார்கள். கை தூக்குவதுபோல் இது எளிதாக இல்லை. எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எதுக்குப் போனா என்னன்னு ஒருக்காச் சொல்லுங்க” என்றான் ஒருவன். அந்த அம்மாள் தொட்டி அருகிலிருந்தே பையைத் திறந்து அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். “இது போயிரும். அவ்ளோதான்.”

சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு எட்டு முன்னால் போய் உற்றுப் பார்த்தான். “எங்காத்தாகிட்டயும் இந்த அட்டை இருக்கு” என்றான். “கம்மாய் வெட்டித்தான் எனக்கு ஐடிஐ பீஸ் கட்டுச்சு.” வேறெதுவும் பேசாமல் தொட்டிப் பக்கம் நடந்தான். அவன் பின்னால் அவன் அறைக்காரர்கள் இருவர். அதன் பின் இன்னும் சிலர்.

திருநெல்வேலிக்காரன் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அதெல்லாம் சரிதான் பெரியம்மா. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடக் கூடாது. எங்க அண்ணாச்சி வீட்ல நாப்பத்தி ரெண்டு பேருக்கு ஒரு டேங்கு. மழை பேஞ்சா கக்கூஸுக்குப் போக கம்பெனி பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கோம். ஓ.டி. பாக்கறதே அதுக்குத்தான். எனக்குச் சாக்கடை வேணும்.” சொல்லிவிட்டுக் கொடிக்கம்பத்துக்குப் போனான்.

இவ்வளவு பெரிய சபையில் என் வீட்டுக் கழிவறை விவாதத்துக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பையன்களில் இருபத்திரண்டு பேர் தொட்டிப் பக்கம். பதினேழு பேர் கொடிக்கம்பம். மொத்தம் நூற்று ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று. கூட்டினால் இருநூற்றிரண்டு. கூட்டல் பொருந்தியதும் எனக்கு மூச்சு வந்தது.

“நீ எங்கண்ணா?” என்று தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“எண்ணுகிறவன் எந்தப் பக்கமும் சேரக்கூடாது.”

“எண்ணி முடிச்சாச்சு இல்ல? அப்புறம் இன்னா, நடுவுல நின்னுக்கினு கீற, போஸ்ட்டு மரமாட்டம்?”

அதிகாரியும், “நீங்களும் வாக்காளர்தானே சார்” என்றார்.

நூற்று ஐம்பத்தொரு பேரும் என்னையே பார்த்தார்கள். இவர்களுக்காக ஓடிப்போய் ஆள் கூட்டிவந்தவன் தங்கள் பக்கம்தான் வருவான் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கும் கால் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் நான் மாறவில்லை. அவர்களுடைய ‘வேண்டாம்’ கணக்கில் வரும்படி செய்தேன், அவ்வளவுதான். மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு பதினாறு அடி நடந்து, புரோக்கருக்கும் திருநெல்வேலிக்காரனுக்கும் நடுவில் போய் நின்றேன். ஐம்பத்திரண்டு.

புரோக்கர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. “நீங்க எங்க ஆளா?” என்றார். “அப்ப எதுக்கு சார் இவனுங்களக் கூட்டியாந்தீங்க?”

“முப்பத்தேழு குறைந்தது” என்றேன்.

தொட்டிப் பக்கத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. எதிர் வீட்டு அம்மாள் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பைத்தியம்” என்றார், மிகவும் மரியாதையாக.

தீர்மானம் நிறைவேறியது. கையெழுத்துப் போடும்போது புரோக்கர் கடைசியாக ஒரு முறை முயன்றார்: பையன்களுக்கு இங்கே ஓட்டு இருக்கிறதா? வாக்காளர் பட்டியலின் நகல் என் பையில் இருந்தது. பாகம், வரிசை எண்ணோடு முப்பத்தொன்பதையும் படித்தேன். எட்டாவது பெயரிலேயே போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. திருநெல்வேலிக்காரன் தன் பெயர் வந்தபோது, கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றுகொண்டே, கை தூக்கினான்.

தீர்மானம் ஆட்சியருக்குப் போனது. பிப்ரவரி மூன்றாம் வாரம் பதில் வந்தது: இப்போதைக்கு எங்கள் ஊர் ஒன்றியத்திலேயே இருக்கும், உடன்பாட்டின் மற்ற அம்சங்களும் அதனால் இப்போதைக்கு இல்லை. மார்ச் முதல் வாரம் ஏரியில் கரை வேலை ஆரம்பித்தது. எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள் மாலை வங்கிப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, புதிதாக விழுந்த வரியைப் படிக்கச் சொன்னார். அவருக்கே படிக்கத் தெரியும். பெயரிலிருந்து ஆரம்பித்துச் சத்தமாகப் படித்தேன்.

எனக்குச் சாக்கடை வரவில்லை. மழைக்கு முன்னால் இன்னொரு டேங்க் கட்டாவிட்டால் அறையைக் காலி செய்வோம் என்று, கொடிக்கம்பத்தில் நின்ற பதினேழு பேரும் தொட்டியருகில் நின்ற இருபத்திரண்டு பேரும், சொந்த ஊர் ஓட்டை விட்டுக்கொடுக்காத மூவரும் சேர்ந்து என்னிடம் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் பொதுமக்கள் கருத்து ஒன்றாக இருந்தது. ஏப்ரலில் தோண்ட ஆரம்பித்து மே பதினேழாம் தேதி மூடி போட்டேன். ஜேசிபிக்கு நாலாயிரத்து இருநூறு. செங்கல், சிமென்ட், மணலுக்கு எழுபத்தோராயிரத்து அறுநூறு. கொத்தனார், சித்தாள் கூலி முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. கான்கிரீட் மூடி பத்தொன்பதாயிரம். குழாய் ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது. முப்பத்தொன்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு வடை, ஒரு டீ, ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. ஆக மொத்தம், ஒரு லட்சத்து நாற்பதாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.